ஆகஸ்டில் உலகமுடிவு

வணக்கம்.

ஆகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு லண்டனிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகள் இரண்டு பேரும் வருகிறார்கள். எங்கள் பக்கம் நான், மனைவி, ஆறு வயது மகள், எழுபது தாண்டிய அப்பா. அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். ஹையர் வான் பேசியாயிற்று. மூன்று இரவுக்கு நான் போட்ட திட்டம் இது: முதல் நாள் கண்டி பார்த்துவிட்டு இரவு நுவரெலியா. இரண்டாம் நாள் அதிகாலை ஹோர்டன் சமவெளி, பின்னேரம் கிரகரி வாவி. மூன்றாம் நாள் எல்ல, ஒன்பது வளைவுப் பாலம். நான்காம் நாள் வீடு. நுவரெலியாவில் அறை விலை கேட்டால் தலை சுற்றுகிறது. சமவெளிக்குப் போகும்போது அப்பாவை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகலாம் என்கிறார் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? குளிர் உடுப்பு எங்கே வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

எஸ்., வெள்ளவத்தை

அன்புள்ள எஸ்.,

முதலில் கண்டியை வெட்டிவிடுங்கள். எசல பெரஹரா ஊர்வலம் ஜூலையிலோ ஆகஸ்டிலோதான் வரும். அந்த நாட்களில் மாட்டினால் நகரத்துக்குள் வானைக் கொண்டுபோவதே பெரும்பாடு. கண்டி எங்கே ஓடிப்போகிறது? கொழும்பிலிருந்து ஒரு சனி, ஞாயிறில் போய்வரலாம்.

அடுத்தது நுவரெலியா. கொழும்பில் இருக்கும் நமக்கு மலைநாடு என்றாலே அதுதான். அப்பா அம்மா கூட்டிப்போன ஊர், ஏப்ரல் சீசன், குதிரைப் பந்தயம், வாவியில் படகு. எல்லாம் சரி. ஆனால் நீங்கள் போவது ஆகஸ்டில். மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பங்கை மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிடும். கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் அந்தப் பக்கம். மலைமுதுகைத் தாண்டிக் கிழக்கே ஊவாப் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் குறைந்துவிடும். அதனால் வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் அதே மாதத்தில் காய்ந்து கிடக்கும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் ஏறுவதும் இந்தக் காய்ந்த காற்றால்தான். ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் பறிக்கிற கொழுந்துக்குத்தான் அங்கே மவுசு.

பதுளை ரெயிலில் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பட்டிப்பொலயில் ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்போம். சுரங்கத்தைத் தாண்டி ஒஹியப் பக்கம் வெளியே வந்தால் வெயில் முகத்தில் அடிக்கும். எல்லா நாளும் இப்படி நடக்கும் என்று எழுதித்தர மாட்டேன். ஆனால் ஆகஸ்டில் மூன்று இரவுக்குக் காசு கட்டப் போகிறவர் எந்தப் பக்கத்தில் கட்டுவது என்று கேட்டால், ஹப்புத்தளை என்றுதான் சொல்வேன்.

ஹோர்டன் சமவெளிக்கு வாசல் இரண்டு. நுவரெலியாவிலிருந்து வருகிறவர்கள் அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறுவார்கள். நீங்கள் ஹப்புத்தளையிலிருந்து பொரலந்த, ஒஹிய வழியாக மற்ற வாசலுக்கு வாருங்கள். ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை ஒடுக்கம், வளைவுகள் அதிகம். பெரிய பஸ் வேண்டாம், உங்கள் வான் போதும். வான்காரர் அந்தப் பாதையில் முன்பு ஓடியவரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

கொழும்பிலிருந்து ஹப்புத்தளைக்கு இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல வழியாகப் போங்கள். நுவரெலியாவை நம்பி ஹட்டன் வழியில் ஏறுகிறவர்களுக்குக் கிடைக்காத ஒன்று இந்தப் பாதையில் உண்டு. பெலிஹுல்ஓயா பக்கம் வரும்போது இடப்பக்கம் பாருங்கள், சுவர் எழுப்பியது போல மலை நிற்கும். அடுத்த நாள் காலையில் நீங்கள் நின்று எட்டிப் பார்க்கப்போகும் உலகமுடிவு, அதாவது சமவெளி சட்டென்று முடிந்து செங்குத்தாக இறங்கும் இடம், அந்தச் சுவரின் மேல்விளிம்பில்தான் இருக்கிறது. பாலத்தடியில் ஓடும் பெலிஹுல் ஓயாவும் மேலே சமவெளியிலிருந்து இறங்கிவருவதுதான். பேக்கர் நீர்வீழ்ச்சி அதன் தலைப்பகுதியில் இருக்கிறது. அங்கே வானை நிறுத்தி, அப்பாவுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, ‘நாளைக்கு அங்கே மேலே போகிறோம்’ என்று கையை நீட்டிக் காட்டுங்கள்.

ஆம், அப்பாவும் வருகிறார். ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகவே வேண்டாம். உலகமுடிவுக்கு நடந்துதான் போக வேண்டும், அது அவரால் முடியாது. ஆனால் ஒஹிய வாசலுக்கும் பட்டிப்பொல வாசலுக்கும் நடுவில் வாகனப் பாதை சமவெளிக்குள்ளேயே ஓடுகிறது. புல்வெளி, ஓடை, காற்றில் வளைந்து குட்டையாகிப்போன மரங்கள் எல்லாம் இருக்கையில் இருந்தபடியே தெரியும். நீங்கள் நடக்கத் தொடங்கும் ஃபார் இன் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களின் வேட்டை விடுதி. இப்போது பார்வையாளர் நிலையம். அப்பா அங்கே சாரதியோடு இருக்கட்டும். மரை என்ற பெரிய மான்கள் அந்தப் பக்கம் தாராளமாக நடமாடும். பனியில் நனைந்து கழுத்து மயிர் முள்முள்ளாக நிற்க ஒரு ஆண் மரை வானுக்கு இரண்டு முழத் தூரத்தில் வந்து நின்று பார்க்கும். கொம்பின் சொரசொரப்பில் ஒட்டிய புல் வரைக்கும் தெரியும். நடந்துபோகும் உங்களுக்குக்கூட அது வாய்க்காமல் போகலாம். பாவம் என்று பாணைப் பிய்த்துப் போட வேண்டாமென அப்பாவிடம் சொல்லிவையுங்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய மரை பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகிறது, அது வயிற்றில் சிக்கி மரைகள் செத்தும் இருக்கின்றன.

வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கு அங்கே நில்லுங்கள். வெயில் ஏற ஏறக் கீழே பள்ளத்தாக்கின் காற்று சூடாகி மேலே வரும். விளிம்பைத் தொடும்போது குளிர்ந்து முகிலாகிவிடும். 9, 10 மணிக்குப் பிறகு போனால் உலகமுடிவில் வெள்ளைத் திரைதான். ஏறத்தாழ 870 மீட்டர் ஆழம் என்று பலகையில் வாசித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகஸ்டில் ஆறரை மணிக்கே திரை விழுந்திருக்கவும் கூடும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானம் தெளிவு, ஆனால் உங்கள் பிள்ளைகளின் விடுமுறை அப்போது இல்லையே. அதனால் இரண்டாம் நாளையும் மூன்றாம் நாளையும் மாற்றிக்கொள்ளத் தயாராக இருங்கள். முதல் நாள் இரவே தங்குமிடத்தில் கேளுங்கள். ஹப்புத்தளையில் தமிழ் தாராளமாகப் போகும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் காற்றைப் பார்த்தே அடுத்த நாளைச் சொல்லிவிடுவார்கள். கைத்தொலைபேசியைவிட நான் அவர்களை நம்புவேன்.

நடை வட்டமாக ஏறத்தாழ 9 கிலோமீட்டர். தொடக்கத்திலேயே பாதை இரண்டாகப் பிரியும். பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்பாமல் சின்ன உலகமுடிவுப் பக்கம் போங்கள். நீர்வீழ்ச்சிக்குப் பனிமூட்டம் பொருட்டில்லை, அது காத்திருக்கும். லண்டன் பிள்ளைகள் வட்டத்தை முழுதாக நடந்துவிடுவார்கள். ஆறு வயது மகளுக்கு உலகமுடிவு வரை போய் அதே வழியில் திரும்பினால் போதும், மற்றப் பக்கத்தில் ஏற்ற இறக்கம் கூட. விளிம்பில் கையை விடாதீர்கள். 2015இல் மனைவியைப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்த ஒரு வெளிநாட்டவர் அங்கே விழுந்து, மரத்தில் சிக்கியதால் உயிர் தப்பினார். அத்தான் கமெராப் பிரியர் என்றால் இந்தக் கதையை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நடைபாதைத் தொடக்கத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் பக்கெட் உறையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளையும் உரித்துவிடுவார்கள். கோபப்படுவதில் அர்த்தமில்லை, நல்ல காரியம். சாப்பாட்டை வீட்டு டப்பாவில் கொண்டுபோங்கள்.

இனிக் காசு விஷயம். இலங்கையருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அக்காவிடமோ அத்தானிடமோ இரட்டைக் குடியுரிமை இருந்தால் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர்களின் டிக்கெட்டுக்கு யார் காசு கொடுப்பது என்பதை வெள்ளவத்தையிலேயே பேசி முடியுங்கள். காலை ஆறு மணிக் குளிரில், பின்னால் பத்து வாகனம் நிற்க, ‘நீ வை, நான் வைக்கிறேன்’ என்று இழுபறிப்படுவதைப் பார்க்க டிக்கெட் கொடுப்பவருக்குப் பொறுமை இருக்காது.

மற்ற நாளில் எல்ல. வானை அனுப்பிவிட்டு ஹப்புத்தளையிலிருந்து ரெயிலில் போனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் மண்சரிவு வந்தால் அந்தப் பாதை நாள்கணக்கில் அடைபடும், முதல் நாளே ஸ்டேஷனில் விசாரியுங்கள். பாலத்தில் கூட்டம் நெரிசலாகத்தான் இருக்கும். எனக்குக் கேட்டால் அந்த அரை நாளைத் தம்பேதன்ன பக்கம் தேயிலைக்குள் செலவழிப்பேன். ஆனால் லண்டன் பிள்ளைகள் பாலத்தைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள் என்பதும் தெரியும்.

குளிர் உடுப்புக்கு எல்லோரும் நுவரெலியாக் கடைத்தெருவுக்குத்தான் போவார்கள், நீங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அக்காவுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன ஜாக்கெட் ஒன்றை உங்கள் மகளுக்காகப் பெட்டியில் போடட்டும். அப்பாவுக்குக் குரங்குத் தொப்பி ஒன்று புறக்கோட்டையிலேயே வாங்கலாம், போட மாட்டேன் என்பார், வாசலில் வான் கதவு திறந்ததும் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்.