ஒவ்வொரு ப்ராஜெக்ட் முடிந்ததும் வேலை போகிறது என்று கேட்ட ஃபோர்மேனுக்கு

எட்டு வருடம் பைப் ஃபிட்டர், இப்போது ஃபோர்மேன், ஆனாலும் வேலை முடியும் தறுவாயில் முதலில் என்னைத்தான் அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அதே வழியில் வந்தவன்தான்.

உங்கள் கைவேலையில் குறை இருக்காது. இன்னும் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை, அதுதான் சிக்கல். நீங்கள் ஒரு ஃபிளாஞ்சில் (இரண்டு குழாய்களை இணைக்கும் வளையத் தட்டு) போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் பத்துப் பேர், கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வராமல் சும்மா நிற்பார்கள். நாளைக்கு வேண்டிய ஐசோமெட்ரிக் வரைபடம் (குழாய் போகும் பாதையைக் காட்டும் படம்), பெர்மிட், சாரம், கிரேன் எல்லாம் தயாரா என்று இன்று மாலையே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஹைட்ரோ டெஸ்ட், அதாவது குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது. இதை முழுதாகத் தெரிந்த ஃபோர்மேனை லேசில் வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள். ஆலைக் குழாய்களுக்கான ஏஎஸ்எம்இ பி31.3 விதிப்படி டிசைன் அழுத்தத்தைப் போல் குறைந்தது 1.5 மடங்கு கொடுக்க வேண்டும். தண்ணீர் நிரப்பும்போது உச்சியிலுள்ள வென்ட்டை (காற்று வெளியேறும் வழி) திறந்து காற்றை முழுக்க வெளியேற்றுங்கள்; உள்ளே சிக்கிய காற்று ஆளையே அடித்துவிடும். பஞ்ச் லிஸ்டையும் (மிச்சமிருக்கும் வேலை, குறைகளின் பட்டியல்) லைன் லைனாக நடந்து நீங்களே எழுதுங்கள். கமிஷனிங் வரை, அதாவது ஆலையை ஓட்டத் தொடங்கும் வரை, தேவைப்படுவது அந்த ஆள்தான்.

தினமும் எத்தனை ஜாயின்ட், எத்தனை பேர், வேலை ஏன் நின்றது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். என் அடுத்த இன்டர்வியூவில் நான் எடுத்துக் காட்டியது அந்த நோட்டைத்தான்.