நிக்சனுக்கு முன்னால் எங்கே தொடங்குவது?

போதைப்பொருள் ஒழிப்பு வரலாறு பற்றிய கட்டுரையை, 1971-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் போதைப்பொருளுக்கு எதிராகப் பேசியதிலிருந்து தொடங்கினேன், "அதற்கு முன் ஒன்றுமே நடக்கவில்லையா?" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்கிறீர்கள். அவர் கேட்டது சரிதான்.

நானாக இருந்தால் 1839-க்குப் போய்விடுவேன். சீன அதிகாரி லின் ட்செசூ, பிரிட்டிஷ் வணிகர்களிடம் கைப்பற்றிய சுமார் 20,000 பெட்டி அபினை ஹூமன் என்ற இடத்தில் அழித்தார். எரிக்கவில்லை, குழி வெட்டி, தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பலன்? போர் வந்தது, சீனா தோற்றது.

அப்புறம் அபினைக் கட்டுப்படுத்த வந்த 1912 ஹேக் ஒப்பந்தம், போதைப்பொருள் பற்றிய 1961 ஐ.நா. உடன்படிக்கை இரண்டையும் ஓரிரு வரியில் தொட்டால் போதும். அமெரிக்காவின் 1914 ஹாரிசன் போதைப்பொருள் சட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெயரளவில் அது வெறும் வரிச்சட்டம்! அதை வைத்தே மருத்துவர்களையும் கைது செய்தார்கள்.