இரண்டு வயதாகியும் பேச்சு குறைவு: மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 2 மாதம். அம்மா, தாத்தா, பந்து, லொள் லொள் என்று ஏறக்குறைய இருபது சொற்கள் சொல்கிறான். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதில்லை. நாங்கள் சொல்வது புரிகிறது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறான். தினமும் ஃபிளாஷ் கார்டு வைத்து ஐந்து புதுச் சொல் சொல்லித் தருகிறேன், மொபைல் ஆப்பிலும் ஒரு மணி நேரம் போகிறது. 'இது என்ன?' என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதத்துக்கு 72 வகுப்பு, முழுத் தொகையையும் இந்த வாரமே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு மொழி புழங்குகிறது. அதில் ஒன்றை நிறுத்தச் சொன்னார்கள். மாமியாரோ, 'அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், விடு' என்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். 'இந்த வாரமே' என்ற சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மகனுக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். ஆனால் அவனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கவில்லை, நீங்களும் அவனும் சேர்ந்து விளையாடுவதைப் பத்து நிமிடம் உட்கார்ந்து கவனிக்கவில்லை, அதற்குள் 72 என்று எண்ணிக்கை வந்துவிட்டது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். குழந்தையைப் பார்த்து வந்த எண் என்றால் காரணம் சொல்ல முடியும்.

முதல் வேலை செவித்திறன் சோதனை. பிறந்தபோது எடுத்த சோதனையில் சரியாக இருந்தது என்பீர்கள். அது அன்றைய கணக்கு. சளி பிடித்துப் பிடித்து விடும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்பது மிகவும் சாதாரணம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கூப்பிட்டால் திரும்பவும் செய்வான். ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலத்தான் அவனுக்குப் பேச்சு கேட்கும். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் மெல்லிய ஒலிகள் மங்கிப் போகும். 'கதவைத் தட்டினால் திரும்புகிறானே' என்பதை யாரும் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் எடை பார்க்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள், அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். 'எத்தனை சொல் பேசுகிறான்?' என்று ஒரு வாக்கியம் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதைக் கேட்காததால் மூன்றரை வயதில் என்னிடம் வந்து சேரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கேட்க ஆள் இல்லையென்றால் நீங்களே சொல்லுங்கள், சோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். 'இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம்' என்று பதில் வந்தால், 'பேச்சுக்குக் காத்திருக்கிறேன், காதுக்குக் காத்திருக்க மாட்டேன்' என்று சொல்லிவிடுங்கள்.

மாமியார் சொன்னதில் பாதி சரி. இரண்டு வயதில் ஐம்பது சொல், அதோடு இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வது என்பது பொதுவாக எதிர்பார்க்கும் அளவு. இருபது குறைவுதான். ஆனால் சொல்வது புரிகிறது, விரல் நீட்டிக் காட்டுகிறான் என்கிறீர்கள். இந்த இரண்டும் நல்ல அறிகுறி. இப்படிப்பட்ட குழந்தைகளில் நிறையப் பேர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள். யார் பிடிப்பார்கள், யார் பிடிக்க மாட்டார்கள் என்று இன்றைக்கே பிரித்துச் சொல்ல முடியாது, அதனால்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது என்கிறேன். எண்ணும்போது ஒன்று கவனியுங்கள்: ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே ஒலியைச் சொன்னால் அது சொல்தான். நாய்க்கு 'லொள் லொள்', வண்டிக்கு 'பூம்', தூங்குவதற்கு 'தாச்சி' எல்லாமே கணக்கில் சேரும். இரண்டு மொழியிலும் சொல்வதைச் சேர்த்தே எண்ண வேண்டும். உங்கள் எண்ணிக்கை இருபதைத் தாண்டக்கூட வாய்ப்பு உண்டு.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். தினமும் ஐந்து சொல் என்பதை நிறுத்திவிடுங்கள்.

போன மாதம் ஓர் அம்மா வந்திருந்தார். மடியில் பையன், கையில் அட்டைக் கட்டு. 'இது என்ன? சொல்லு, யானை. சொல்லு.' பையன் அட்டையைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கைப்பையில் இருந்த ஜிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவர் கையைத் தட்டிவிட்டு, முகத்தை அட்டைப் பக்கம் திருப்பினார். மறுபடியும் அவன் ஜிப்புக்குப் போனான். அட்டையைக் கீழே வைக்கச் சொன்னேன். 'அவன் பார்ப்பதைப் பற்றிப் பேசுங்கள், கேள்வி வேண்டாம்' என்றேன். அவருக்கு முதலில் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அப்புறம் மெதுவாக, 'ஜிப்பு... திற... திறந்தாச்சு' என்றார். பையன் நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தான். 'மூடு... மூடியாச்சு.' அவன் சிரித்தான். மூன்றாவது முறை 'ஜிப்பு...' என்று சொல்லிவிட்டு நிறுத்தச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு என்று மனதுக்குள் எண்ணினோம். பையன் 'தி' என்றான். 'திற! திறக்கணுமா? இதோ, திற' என்று அம்மா திறந்தார். கால் மணி நேரத்தில் அதே ஒலியை ஆறேழு தடவை சொன்னான். யானை அன்றைக்கு வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. குழந்தை ஏற்கெனவே எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதன் பெயரைச் சொன்னால் சொல் ஒட்டுகிறது, அதன் கவனத்தைத் திருப்பி நம் பொருளுக்கு இழுத்து வந்து சொன்னால் அவ்வளவாக ஒட்டுவதில்லை என்று 1986-லேயே டொமசெல்லோ, ஃபரார் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2018-இல் ரேச்சல் ரோமியோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, மூளையையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நான்கிலிருந்து ஆறு வயது வரையிலான குழந்தைகள் அவர்கள். கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்பது, பெரியவர்கள் எத்தனை சொல் கொட்டினார்கள் என்பதைவிட, பேச்சு எத்தனை முறை கை மாறியது என்பதோடுதான் அதிகம் பொருந்தி வந்தது. நீங்கள் ஒன்று, அவன் ஒன்று, மறுபடி நீங்கள். அவனுடைய முறைக்குச் சொல்லே வேண்டாம். ஒரு பார்வை, ஒரு கை நீட்டல், ஒரு 'ம்' போதும்.

அதனால் நாளெல்லாம் வானொலி மாதிரி பேசிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். இதைச் சொன்னால் பெற்றோர் திகைக்கிறார்கள், 'நிறையப் பேசுங்கள்' என்று எல்லோரும் சொல்லி வைத்திருப்பதால். ஒரு சின்ன வாக்கியம் சொல்லுங்கள், நிறுத்துங்கள், ஏழெட்டு எண்ணும் வரை அவன் முகத்தைப் பாருங்கள். அந்த அமைதி நமக்குத்தான் கஷ்டமாக இருக்கும். அவனுக்கு அது தேவை. கேட்டதைப் புரிந்து, சொல்லைத் தேடி, நாக்கையும் உதட்டையும் ஒருங்கே கூட்ட அவனுக்கு அவ்வளவு நேரம் ஆகிறது. நாம் இரண்டு எண்ணுவதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம்.

அவன் 'பந்து' என்றால் நீங்கள் ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள்: 'பந்து போச்சு', 'பந்து தா.' திருத்தாதீர்கள். 'பந்து இல்லடா கண்ணா, பெரிய சிவப்புப் பந்து, சொல்லு' என்பது பரீட்சை. அவன் 'தண்ணி'யை 'தண்ணா' என்றால், 'ஆமா, தண்ணி. தண்ணி ஊத்தலாமா?' என்றால் போதும், சரியான ஒலி காதில் விழுந்துவிடும்.

அட்டைகளில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. எல்லாமே பெயர்ச்சொல்: விலங்கு, நிறம், பழம். இருபது பெயர் தெரிந்த குழந்தை இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கு வினை வேண்டும். தமிழில் நமக்குக் கிடைத்த பெரிய வசதி இதுதான்: வா, போ, தா, வை, எடு, திற, மூடு, ஏறு. ஓரசை, ஈரசையில் முடிந்துவிடும் சொற்கள். வாளியில் தண்ணீர் ஊற்றும்போது 'ஊத்து', நிறுத்தும்போது 'போதும்', மறுபடி 'ஊத்து' என்று விளையாடினால், 'தண்ணி ஊத்து' தானாக வந்து சேரும். துணி மடிக்கும்போது, செருப்பு போடும்போது, படி ஏறும்போது என்று ஒரே சொல் ஒரே செயலோடு தினமும் திரும்பத் திரும்ப வரட்டும். தனியாக ஒரு பாட வேளை ஒதுக்கத் தேவையில்லை. யாரும் பார்க்காத டிவி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள், அது ஓடும் வீட்டில் பெரியவர்களின் பேச்சே குறைந்துபோகிறது.

படப் புத்தகம் வையுங்கள், ஆனால் படித்து முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அவன் ஒரே பக்கத்தில் பத்து நிமிடம் நின்றால் நில்லுங்கள்.

ஆப்பை நிறுத்துங்கள். உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டிலிருந்து நான்கு வயது வரை திரை நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. நான் அதைவிடக் கடுமையாகச் சொல்கிறேன்: இப்போதைக்கு வேண்டாம். 2003-இல் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு செய்த சோதனை எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். ஆங்கிலம் பேசும் வீட்டு ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் பன்னிரண்டு முறை தரையில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டினார்கள். அந்த மொழியின் ஒலி வேறுபாடு குழந்தைகளுக்குப் பிடிபட்டது. அதே ஆட்கள், அதே பேச்சு வீடியோவில் ஓடியபோது குழந்தைகள் எதையும் கற்கவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'திரையே கூடாது' என்று கேட்டுவிட்டு தாத்தா பாட்டியின் அழைப்பைக்கூட வெட்டிவிடுகிறார்கள். வீடியோ கால் வேறு. 2014-இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டிலிருந்து இரண்டரை வயதுக் குழந்தைகள் நேரடி வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றன. பதிவுசெய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. மறுமுனையில் இருப்பவர் குழந்தை செய்வதைப் பார்த்துப் பதில் சொல்கிறார், அங்கேயும் பேச்சு கை மாறுகிறது. ஆனால் தாத்தா, 'ஒரு பாட்டுப் பாடு, ஒண்ணு ரெண்டு சொல்லு' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் பரீட்சைதான். அவன் பொம்மை லாரியைத் தூக்கிக் காட்டினால், 'லாரி! லாரி வருது!' என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். தாத்தா 'தா' என்று கை நீட்டும்போது லாரியை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். போனை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனால் இரண்டு நிமிடத்தில் அவன் பொத்தானை அமுக்குவான், தாத்தா முகத்துக்குப் பதில் கூரை தெரியும். ஐந்து நிமிடம் போதும், தினமும் ஒரே ஆள் என்றால் இன்னும் நல்லது.

ஒரு மொழியை நிறுத்துங்கள் என்றவர் தவறாகச் சொல்லிவிட்டார். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபிக்கவும் தடுமாற்றம் இல்லையோ அந்த மொழியில் பேசுங்கள்.

இப்போது, பேச்சு தாமதம் என்றதும் பெற்றோரைச் சுற்றி வரும் தரகர்கள். நான் பார்த்தவரை மூன்று வகை. ஒன்று, ஆள் அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குபவர். 'இந்த மையத்துக்கே போங்கள்' என்று ஒரே பெயரை அழுத்திச் சொன்னால் இன்னோர் இடத்திலும் கேளுங்கள். இரண்டு, நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்பவர். நாக்கு ஒட்டியிருப்பதால் சொல் எண்ணிக்கை குறையாது. சொல்வது புரிகிறது, சொல் வரவில்லை என்ற குழந்தைக்குக் கத்தரிக்கோல் பதில் இல்லை. மூன்று, மூளையைத் தூண்டும் வகுப்பு, டானிக், சான்றிதழ் என்று விற்பவர். அவர் கணக்கெல்லாம் உங்கள் பயத்தின் மீதுதான்.

நல்ல ஸ்பீச் தெரபிஸ்டை எப்படி அறிவது? வகுப்பு நடக்கும்போது உங்களை உள்ளே உட்கார வைப்பார். வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு முறை முக்கால் மணி நேரம் அவரிடம், மற்ற நேரமெல்லாம் உங்களிடம் இருக்கும் குழந்தை அவன். கற்றுக்கொள்ள வேண்டியவர் நீங்கள். கட்டணம் வகுப்புக்கு வகுப்பு வாங்குவார். எட்டு வாரத்தில் எதை எதிர்பார்க்கிறார் என்று சொல்வார், வராவிட்டால் வழியை மாற்றுவார்.

ஒரு சிறு நோட்டு வாங்கி, இன்றிலிருந்து அவன் தானாகச் சொல்லும் சொற்களைத் தேதியோடு எழுதுங்கள். செவித்திறன் சோதனைக்கு நாள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம், அந்த நோட்டு அப்போது உதவும். இடையில், சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போனாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்ப்பது நின்றாலோ, விரல் நீட்டிக் காட்டுவது குறைந்தாலோ, வரிசையில் நிற்காமல் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் எட்டு வாரம் கழித்து அந்த நோட்டில் உள்ளதை எனக்கு எழுதி அனுப்புங்கள். முதலில் வந்த வினைச்சொல் எது என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.