யார் கையில் பிள்ளை பெறுவது?

கேள்வி: எனக்கு வயது 28. தலைப்பிரசவம், எட்டாம் மாதம் நடக்கிறது. துறையூர் பக்கம் ஒரு கிராமம். இதுவரை பி.பி., சுகர் எதுவும் இல்லை. குழந்தையின் தலை கீழே இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். மாமியார், தெரிந்த தனியார் மருத்துவமனையில் நல்ல நாள் பார்த்து ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். என் கணவரின் அக்காவுக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன் என்பதால் கணவருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொண்டு, வீட்டிலேயே இயற்கையாகப் பெற்றுக்கொள்ளலாம் என்கிறார். அம்மாவோ ஆரம்ப சுகாதார நிலையமே போதும் என்கிறார். லண்டனில் இருக்கும் சித்தி மகளுக்கு மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தாராம், டாக்டர் வரவே இல்லையாம். அப்படி ஒருவர் எனக்கு இங்கே கிடைப்பாரா? நான் யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்கள் விருப்பம் என்ன என்று கடிதத்தில் தேடினேன். லண்டன் மருத்துவச்சியைப் பற்றிக் கேட்ட இடத்தில்தான் அது தெரிந்தது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஒருவர் உங்களுக்கு வேண்டும். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அது மிகச் சரியான ஆசை. அதை வீட்டில் தேட வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில்.

உங்கள் கணவரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 64, அரசு மருத்துவமனைகளில் 36. ஒரு நாட்டில் இந்த எண்ணிக்கை நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பிறகு, மேலும் கூடுவதால் தாய் சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஆக, இங்கே தேவையில்லாத ஆபரேஷன்கள் நிறையவே நடக்கின்றன. இதை நாங்கள் வெளிப்படையாகப் பேசாததால்தான் ஜனங்கள் வாட்ஸ்அப் குழுவைத் தேடிப் போகிறார்கள் என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் வீட்டில் என்ன நடக்கலாம் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் ரத்தமாவது போய்க்கொண்டிருக்கும். நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரிந்ததும் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகினால்தான் அந்த ரத்தக்குழாய்கள் மூடும். இறுகாவிட்டால், பேசிக்கொண்டிருக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மயங்கிவிடுவாள். அதனால்தான் குழந்தை பிறந்த உடனே 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறோம். யாருக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. எல்லா ரிப்போர்ட்டும் நன்றாக இருந்தவர்களுக்கும் ஆகும். 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தது, தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். இதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

லண்டனில் மட்டும் எப்படி முடிகிறது என்று அவர் கேட்பார். அங்கே சிக்கல் இல்லாத கர்ப்பத்தை முதல் செக்கப்பிலிருந்து மருத்துவச்சிகளே கவனிக்கிறார்கள். படித்துப் பதிவு பெற்றவர்கள். வீட்டுப் பிரசவம் என்றாலும் மருந்து, குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் கருவி எல்லாவற்றோடும் வருகிறார்கள். சிக்கல் என்றால் ஆம்புலன்ஸ், எதிர்பார்த்துக் காத்திருக்கும் மருத்துவமனை. இவ்வளவு இருந்தும், 2011-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களில் நூற்றுக்கு 45 பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. தலைப்பிரசவத்தில் குழந்தைக்கு ஆபத்தும் மருத்துவமனையை விட வீட்டில் கூடுதலாக இருந்தது. உங்கள் கணவரின் குழுவில் இருப்பவர்களிடம் இந்த ஏற்பாட்டில் என்ன இருக்கிறது?

சரி, மருத்துவச்சி விஷயத்துக்கு வருகிறேன். பிரசவத்துக்கென்றே தனியாகப் பயிற்சி பெற்ற செவிலியர்களை உருவாக்க மத்திய அரசு 2018 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 18 மாதப் பயிற்சி. அதற்கு முந்தைய ஆண்டே தெலங்கானா அரசு, ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் அறக்கட்டளையோடு சேர்ந்து இதைத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் பெரிய நகரங்களில் சில தனியார் இடங்களில் கிடைக்கிறது, செலவு அதிகம். ஆனால் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ், நர்ஸாக மட்டுமல்ல, மருத்துவச்சியாகவும் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு பெற்றவர். 24 மணி நேர நிலையங்களில் சுகப்பிரசவங்களைப் பெரும்பாலும் அவர்தான் பார்க்கிறார். உங்கள் வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரும் பேறுகாலப் பயிற்சி பெற்றவர்தான். நீங்கள் கேட்ட ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். அந்த நர்ஸம்மாவை இப்போதே போய்ப் பார்த்து அறிமுகமாகிக்கொள்ளுங்கள். வலி எடுத்த நேரத்தில் தெரிந்த முகம் இருப்பது பெரிய தைரியம்.

அதனால் அம்மா சொல்வதற்குத்தான் என் ஓட்டு, சில நிபந்தனைகளோடு. பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆபரேஷன் செய்ய முடியாது, ரத்தம் ஏற்றும் வசதி இருக்காது. சிக்கல் என்றால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், ராத்திரியில் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து திருச்சி பக்கம் இல்லை. ஹீமோகுளோபின் குறைவு, பி.பி. ஏறுவது, குழந்தை திரும்பிக்கொள்வது, நஞ்சு கீழே இருப்பது, இதில் எது வந்தாலும் சீமாங் மையம் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சைப் பிரிவு) உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் சிக்கலில்லாத பிரசவத்தில் அதிக நேரம் உங்களுடன் இருக்கப்போவது நர்ஸ்தான்.

அப்புறம், துணை. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காவிரியில் வெள்ளம் வந்து தாய் வர முடியாமல் போனபோது, சிவனே தாயாக வந்து பிரசவம் பார்த்த கதை. வலியில் இருக்கும் பெண்ணைத் தனியே விடக்கூடாது என்பது நம் ஜனங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியிட்டார்கள். பிரசவம் முழுக்க ஒருவர் உடனிருந்து தேற்றினால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்பதுதான் முடிவு. அரசு மருத்துவமனைகளில் உறவுக்காரப் பெண் ஒருவர் பிரசவ அறையில் உடனிருக்க 2016-லேயே மத்திய அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. அம்மாவோ அக்காவோ, பதறாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வெளியே நிறுத்தினால், அனுமதி உண்டே என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

தேவையில்லாத ஆபரேஷன் பல நேரம் அவசரத்தில்தான் தொடங்குகிறது. லேசாக வலி வந்ததுமே போய்ப் படுத்துவிட்டு, மறுநாளும் பிறக்கவில்லை என்றதும் எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவம் முழுவேகத்தில் நடக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வரையறுத்தது. அதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கே கிடையாது. அதற்குப் பிறகும் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம். தாயும் சேயும் நன்றாக இருந்தால் பொறுத்திருக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிக்கிற வலி, ஒரு மணி நேரமாக விடாமல் வருகிறது என்றால் கிளம்புங்கள். அதுவரை வீட்டில் நடங்கள், கஞ்சியோ மோரோ குடியுங்கள். வலி வர விளக்கெண்ணெய் குடிப்பது வேண்டாம்.

பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால் எந்த வலிக்கும் காத்திருக்காதீர்கள். உடனே 108.

மாமியாருக்கு ஒரு வார்த்தை. நாள் பார்ப்பது அவர் நம்பிக்கை, அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் காரணமில்லாத ஆபரேஷன் வேண்டவே வேண்டாம். குழந்தை மூச்சுக்குத் திணறுவதும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பில் ஒட்டிக்கொள்வதும் ஆபரேஷனால் கூடுகின்றன. மருத்துவக் காரணத்துக்காகத் தேதி குறிக்கும்போதுகூட, அவசரம் இல்லையென்றால் 39 வாரம் முடிவதற்கு முன் குறிக்கக் கூடாது. அதே சமயம் உங்கள் கணவருக்கும் சொல்கிறேன்: குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் அங்கே வாதம் கூடாது. அந்த நேரத்தில் சிசேரியன்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் உங்களுக்குத் தோல்வி ஒன்றும் இல்லை.

தனியாருக்கே போவதாக முடிவானால், பணம் கட்டும் முன் டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: உங்களிடம் தலைப்பிரசவத்துக்கு வருபவர்களில் எத்தனை பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது? வலி வர ஊசி எப்போது போடுவீர்கள்? தலைப்பிரசவம் என்றாலே கத்தரித்துத் தையல் போடுவீர்களா? (எல்லோருக்கும் போடத் தேவையில்லை.) வலி நேரத்தில் நடக்கலாமா, உட்காரலாமா? ராத்திரி டியூட்டியில் யார் இருப்பார்கள்? இதைக் கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்த செக்கப்புக்குக் கணவரையும் மாமியாரையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அரசு தரும் எண்) வாங்கியாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். கடிதத்தில் ஹீமோகுளோபின் அளவை எழுதவில்லை. 11-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் சொல்லி இப்போதே சரிசெய்யுங்கள், இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள். அளவு என்ன என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.