போர்ச்சுகல்ல லிஸ்பன், போர்ட்டோ தவிர கூட்டமில்லாத பழைய ஊர் எதாவது இருக்கா?

பெல்மோந்தே போங்க. ஸ்பெயின் பார்டர் பக்கம், எஸ்ட்ரெலா மலை கண்ணுக்கு எதிர்ல நிக்கும், சுத்துப்பட்டு கிராமத்தையெல்லாம் சேர்த்தாலும் ஏழாயிரம் பேர் தேறாது. லிஸ்பன்லேர்ந்து ட்ரெயின்லயே போயிடலாம், ஆனா ஸ்டேஷன் கீழ, ஊர் மேல, இது தெரியாம நான் பெட்டிய இழுத்துக்கிட்டு மேடு ஏறி நாக்கு தள்ளிடுச்சு.

கோட்டை 13ம் நூற்றாண்டு, முழுக்க கருங்கல், அரை மணி நேரத்துல சுத்திடலாம். 1500ல பிரேசில்ல இறங்கின போர்ச்சுகல் மாலுமி கப்ரால் குடும்பத்துக்கிட்ட இருந்த கோட்டை இது. அதே ஆளுதான் அந்த வருஷம் டிசம்பர்ல கோழிக்கோடு மேல பீரங்கியால சுட்டவரு, அவருக்கு ஊர்ல சிலை இருக்கு, பாக்குறப்ப நமக்கு கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். அவங்க பாஷைல காப்ரான்னா ஆடு, அதனால குடும்பச் சின்னத்துலயே ரெண்டு ஆடு!! கோட்டைய ஒட்டி சந்தியாகு சர்ச்சு, உள்ள மாதா மடில ஏசு கிடக்குற சிலை, அதுவும் கருங்கல்தான், அவசரப்படாம பாருங்க.

ஆனா நான் இந்த ஊரைச் சொல்றதுக்கு காரணம் வேற. 1496ல மனுவேல் ராஜா யூதர்களை நாட்டை விட்டே போகச் சொன்னாரு, அடுத்த வருஷம் போகவும் விடாம கட்டாய ஞானஸ்நானம். இங்க இருந்தவங்க வெளிய சர்ச்சுக்குப் போயிக்கிட்டு வீட்டுக்குள்ள பழைய வழக்கத்தையே வச்சிருந்தாங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏத்துற எண்ணெய் விளக்கு வெளிச்சம் தெருவுல தெரியக்கூடாதுன்னு பானைக்குள்ள, அலமாரிக்குள்ள வச்சிருக்காங்க. ஜெபமெல்லாம் பாட்டி, அம்மா, பொண்ணுன்னு வாய்வழியாவே வந்திருக்கு.

1917ல சாமுவேல் ஷ்வார்ஸ்னு போலந்து சுரங்க இன்ஜினியர் வந்து நானும் யூதன்தான்னு சொன்னப்ப யாரும் நம்பல, ஒரு பாட்டி எங்க, உங்க ஜெபம் ஒண்ணு சொல்லுன்னு கேக்க, இவர் ஹீப்ருல சொன்னாரு, பாட்டிக்கு ஒரு வார்த்தையும் புரியல, ஆனா "அதோநாய்"னு கடவுள் பேர் வந்ததும் கையால கண்ணைப் பொத்திக்கிட்டாங்களாம். நானூறு வருஷத்துக்கு அப்புறம் மிச்சம் இருந்த ஹீப்ரு அந்த ஒரு சொல்லுதான்! ஊருக்குன்னு புது தொழுகைக்கூடம் 1996லதான் வந்துச்சு.

யூத மியூசியத்தை விட்றாதீங்க. திங்கக்கிழமை மட்டும் போயிடாதீங்க, பூட்டியிருக்கும், நான் அப்படி மாட்டித்தான் ஒரு ராத்திரி கூடத் தங்கினேன்.