கரியாகிப் போன அரிசி

கேள்வி: பிரான்ஸில் இருக்கும் மகள் குடும்பத்தோடு கரீபியனில் உள்ள மார்ட்டினிக் தீவுக்குப் போகிறோம். சேன் பியேர் ஊரில் ஒரு சின்ன மியூசியம் இருக்கிறதாமே? மாப்பிள்ளை கடற்கரைக்குத்தான் போகலாம் என்கிறார். அதற்காக ஒரு நாளை ஒதுக்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: கட்டாயம் போங்கம்மா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடல் அங்கேயே, கறுப்பு மணலோடு இருக்கிறது.

நான் போயிருக்கிறேன். எழும்பூர் மியூசியத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இது கையடக்கமான இடம். ஃபிராங்க் பெரெட் என்ற அமெரிக்க எரிமலை ஆய்வாளர் 1933-ல் ஆரம்பித்தது. 1902 மே 8 காலை எட்டு மணி வாக்கில் பெலே மலை வெடித்து, சாம்பலும் அனல் காற்றுமாக உருண்டு வந்த மேகம் சில நிமிடங்களில் ஊரையே விழுங்கிவிட்டது. சுமார் 28,000 பேர் செத்துப்போனார்கள். அந்த ஊரில் மிஞ்சிய சாமான்கள்தான் உள்ளே இருக்கின்றன.

மாதா கோயில் மணி ஒன்று, நசுங்கிக் கோணிக்கொண்டு நிற்கும். ஆணிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடக்கும். அதற்கெல்லாம் நான் அசையவில்லை. கரியாகிப் போன அரிசியைப் பார்த்ததும்தான் கால் நகரவில்லை. அடிப்பிடித்த பானையை எத்தனையோ நாள் சுரண்டிய கையம்மா இது. யாரோ ஒருத்தி அன்றைக்குச் சமைக்க வைத்திருந்ததாக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள். 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. நம் பக்கத்திலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு, 1853 மே 6 அன்று ஒரேலி என்ற கப்பல் வந்து சேர்ந்தது இதே சேன் பியேர் துறைக்குத்தான். அடுத்த முப்பது வருஷத்தில் ஏறத்தாழ 25,000 பேர். புதுச்சேரி, காரைக்காலில் கப்பலேறிய தமிழர்கள்தான் அதில் அதிகம். தீவின் வடக்கே அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் மதுரை வீரனை 'மல்தெவிலேன்' என்று சொல்லிக் கும்பிடுகிறார்கள். நான் கரையில் நின்று அந்தக் கப்பலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மவர்கள் முதலில் கால் வைத்த மண் அது. எரிமலைக்காக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

உள்ளே இறந்தவர்களின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும். மகளுக்குப் பிரெஞ்சு தெரியுமே, வாசிக்கச் சொல்லுங்கள், அவசரப்படாமல். பிறகு பொடிநடையாகப் போனால் இடிந்த தியேட்டரும், பக்கத்திலேயே ஒரு கல் சிறை அறையும் வரும். சிபாரிஸ் என்ற கைதி அதன் தடித்த சுவருக்குள் தீக்காயத்தோடு உயிர் பிழைத்துக் கிடந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு 'கொலோம்போ' இருக்கிறதா என்று கேளுங்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு எல்லாம் சேர்ந்த குழம்பு, சோற்றோடு வரும். நான் ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பிசைந்துதான் சாப்பிட்டேன்.