யாரோ இரக்கப்பட்டுச் செய்ததை அன்பு என்று நம்பி ஏமாந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. ஏழாம் வகுப்பில், ஒரு பொங்கல் வாழ்த்து அட்டையால் வந்த வினை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தங்கச்சி போனில் சொன்ன ஒரு விஷயம். அவள் அமெரிக்காவில் இருக்கிறாள், மகள் இரண்டாம் வகுப்பு. அங்கே பிப்ரவரி 14 வந்தால் சின்னப் பிள்ளைகள்கூட வகுப்பில் ஒருவருக்கொருவர் அட்டை கொடுப்பார்கள். காதல் கத்திரிக்காய் எல்லாம் இல்லை, மிட்டாய் ஒட்டின அட்டை, அவ்வளவுதான். ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது என்று டீச்சரே பெயர்ப் பட்டியல் அனுப்பிவிடுகிறார். என் மருமகள் பட்டியலில் ஒரு பையன் பெயரைத் தொட்டு, "இவனுக்கு மட்டும் பெரிய அட்டை. பாவம், இவன்கூட யாரும் விளையாடறதில்லை" என்றாளாம். தங்கச்சிக்கு ஒரே பெருமை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எல்லோருக்கும் சின்னது, தனக்கு மட்டும் பெரியது என்றால் அந்தப் பையன் என்ன கணக்குப் போடுவான்?

நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தடப்பள்ளி வாய்க்கால் ஓரமாக எங்கள் ஊர். 1993 பொங்கல். அந்தக் காலத்தில் மார்கழி பாதியிலேயே கடைகளில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டுவிடுவார்கள். முருகன், லட்சுமி, ஜோடி மாடு, குண்டுக் குழந்தை, ரஜினி, கமல். பின்பக்கம் பார்த்தால் முக்கால்வாசி சிவகாசி அச்சு. வெளியூருக்கு அனுப்ப வேண்டுமென்றால் கவரை ஒட்டாமல் மடித்துச் செருகி, மூலையில் 'புக் போஸ்ட்' என்று எழுத வேண்டும். ஸ்டாம்பு செலவு குறைவு. உள்ளூர்ச் சிநேகிதர்களுக்குக் கையிலேயே கொடுத்துவிடுவோம். லீவு முடிந்து பள்ளி திறந்ததும் உனக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று எண்ணிக்கை நடக்கும். எட்டு வாங்கினவன் அன்றைக்கு ராஜா.

அந்த வருசம் எங்கள் வீட்டில் நோம்பி, அதாவது பண்டிகை, இல்லை. ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். துக்க வீட்டுக்கு யாரும் பொங்கல் வாழ்த்து அனுப்ப மாட்டார்கள். அது ஒதுக்குவதில்லை, மரியாதை. பன்னிரண்டு வயதில் இதெல்லாம் எங்கே புரிகிறது? போஸ்ட்மேன் சைக்கிள் எங்கள் வாசலில் நிற்காமல் போனது மட்டும்தான் தெரிந்தது. வீதி முழுக்க எரவாணத்தில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை எல்லாம் வைத்துக் காப்புக் கட்டியிருந்தார்கள். எங்கள் எரவாணம் மொட்டையாக இருந்தது.

பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்று சாயங்காலம், என் வகுப்புப் பெண் ஒருத்தி, இரண்டு வீதி தள்ளி வீடு, "இந்தா" என்று ஒரு கவரை என் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

மயில் படம். உள்ளே பச்சை மையில் என் பெயர், கீழே 'அன்புடன்' என்று போட்டு அவள் பெயர். என் பெயர் இருந்த இடத்தில் மட்டும் காகிதம் சொரசொரவென்று இருந்தது. ஏதோ எழுதி, பிளேடால் சுரண்டிவிட்டு, அதன்மேல் என் பெயரை எழுதியிருக்கிறாள். சுரண்டின இடத்தில் மை ஊறி எழுத்துக்கெல்லாம் பூச்சிக் கால் முளைத்திருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அடியில் 'ச' மாதிரி ஒரு சுழி. என் பெயரில் எங்கேயும் ச கிடையாது. பதற்றத்தில் ஏதோ தப்பாக எழுதி, பொறுமையாகச் சுரண்டி, திருத்தியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். வேண்டாதவனுக்கு யாராவது இவ்வளவு பாடுபடுவார்களா?

அப்புறம் அந்த 'அன்புடன்'. தமிழய்யா கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது கடைசியில் 'இப்படிக்கு' என்று போடச் சொல்லியிருந்தார். இவள் போடவில்லை. இது ஒன்று போதாதா? அட்டையைச் சமூக அறிவியல் புத்தகத்தின் பிரவுன் அட்டைக்கு உள்ளே செருகிவைத்தேன். நாலு நாள் நான் நானாக இல்லை. அப்பா போனதற்குப் பிறகு சோறு ருசித்தது அந்த நாலு நாள்தான் என்று நினைக்கிறேன்.

காணும் பொங்கலன்று எங்கள் பக்கம் பூநோம்பி. பெண்பிள்ளைகள் கூடையும் பலகாரமும் கரும்புமாகக் கிளம்பிப் போய் ஆவாரம்பூ பறித்து, கும்மி அடித்துவிட்டு, பொழுது சாயத்தான் வீடு திரும்புவார்கள். வாய்க்கால் பக்கமெல்லாம் நெல்லும் மஞ்சளும்தான். ஆவாரைக்கு மேட்டுக்காடு ஏற வேண்டும். நான் விடியுமுன்பே ஏறிப் போய், அப்பாவின் துண்டு நிறையப் பூ பறித்துக்கொண்டு வந்து அவர்கள் போகும் தடத்தில் நின்றேன். அத்தனை பிள்ளைகளுக்கும் நடுவில் அவளைக் கூப்பிட்டு நீட்டினேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ எதுக்குடா பூப் பறிச்சே? உங்க வீட்டுலதான் நோம்பி இல்லீல்ல?"

நான் அட்டையைப் பற்றி ஏதோ உளறினேன். முழுதாக என்ன சொன்னேன் என்று நினைவில்லை, நல்லவேளை. அவள் முகத்தில் கேலியே இல்லை, அதுதான் கொடுமை. "அதா? எங்கம்மாதான் குடுக்கச் சொன்னாங்க. பாவம், அவனுக்கு இந்த வருசம் ஆரும் குடுக்க மாட்டாங்க, நீயாவது ஒண்ணு குடுன்னு."

பூவை மட்டும் வாங்கிக் கூடையில் கொட்டிக்கொண்டு, துண்டை உதறித் திருப்பிக் கொடுத்தாள்.

அவளுக்கு என்மேல் ஆசை இல்லை என்பது பெரிதாக வலிக்கவில்லை. ஏழாவது படிக்கிறவனுக்கு அதில் என்ன தெரியும்? அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. நம் ஊரில் செய்த தப்புக்கும் பாவம் என்கிறோம், பரிதாபத்துக்கு உரியவனையும் பாவம் என்கிறோம். அன்றைக்கு எனக்கு என்னவோ நானே தப்புச் செய்தவன் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கு வேறு தடம் சுற்றித்தான் போனேன்.

மாசியில் அம்மா புத்தகத்துக்கு அட்டை மாற்றும்போது மயில் கீழே விழுந்தது. திருப்பிப் பார்த்தார். யார் கொடுத்தது என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தக்கா நல்லா இருக்கோணும்" என்று அந்தப் பெண்ணின் அம்மாவைச் சொல்லிவிட்டு, அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். பச்சை மையையோ 'அன்புடன்' என்பதையோ அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

போன வருசம் கோபியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவளைப் பார்த்தேன். இப்போது வாங்க போங்கதான். பேச்சுவாக்கில் அட்டையைச் சொன்னேன். பூவெல்லாம் சொல்லவில்லை, அட்டை மட்டும். அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர்தான் நிமிர்ந்தார். சத்தியமங்கலத்துக்காரர், அத்தை மகனையே கட்டியிருக்கிறார்.

"எந்த வருசமுங்க?"

"93."

"அந்த வருசம்தானுங்க எனக்கு மட்டும் இவ கார்டே போடலை. கேட்டா, போஸ்ட்ல தொலைஞ்சுபோச்சுன்னுட்டா."

அவர் பெயர் ச-வில் ஆரம்பிக்கிறது.

கையில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு, "அந்தக் கார்டு இன்னும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இருக்கிறது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.